கண்ணை மூட விடாத படம்: ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’

ஸ்டான்லி குப்ரிக்கின் இந்த 1971 படத்தைக் கல்லூரி நாளில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஒரு எழுத்தாளர் வீட்டுக்குள் புகுந்து, பாடிக்கொண்டே கதாநாயகன் அலெக்ஸ் செய்யும் கொடுமையைத் தாங்க முடியவில்லை. போன வாரம் 4கே டிஸ்க் வாங்கி முழுதாகப் பார்த்தேன்.

சிகிச்சைக் காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சிறைக்குப் போன அலெக்ஸைத் திருத்துவதற்காக நாற்காலியில் கட்டி, இமைகளைக் கொக்கியால் விரித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் நிதானமாகக் கண்ணில் சொட்டு விடுகிறார். அவர் நிஜ டாக்டர். அப்படியும் அலெக்ஸாக நடித்த மால்கம் மெக்டவலின் கருவிழியில் கீறல் விழுந்துவிட்டது. வன்முறையைக் கண்டாலே குமட்டும்படி அலெக்ஸைப் பழக்குகிறார்கள். கூடவே, அவன் உயிராக நேசித்த பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியும் அவனுக்கு விஷமாகிவிடுகிறது. அப்போது அவன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அப்படி வந்ததே பயமாகவும் இருந்தது.

நல்லதைத் தானே தேர்ந்தெடுக்க முடியாதவன் மனிதனா என்று சிறைப் பாதிரியார் மட்டும்தான் கேட்கிறார்.

ஆண்டனி பர்ஜெஸின் 1962 நாவலில் அலெக்ஸ் தானாகவே திருந்தத் தொடங்கும் 21ஆம் அத்தியாயம் உண்டு. படத்தில் அது இல்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

பாலியல் வன்முறை நேரடியாகவே வருகிறது. பிள்ளைகள் இருக்கும்போது போடாதீர்கள்.