முன்னணி வீரர்களிடமிருந்து ஃப்ரீஸ்டைல்: ஒரு காணொளிப் பயிற்சியின் மதிப்பீடு

முன்னணி நீச்சல் வீரர்களை நீருக்கடியிலிருந்து படம்பிடித்த காட்சிகளைக் கொண்டு, கைகளை மாறி மாறி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைல் முறையைக் கற்பிக்கும் இணையவழிப் பயிற்சி ஒன்றுக்குச் சந்தா செலுத்தி, ஐந்து மாதங்கள் அதைப் பின்பற்றினேன். நாற்பது வயதுக்கு மேல் நீந்தக் கற்றவன் நான். 25 மீட்டர் குளத்தின் மறுகரையை எட்டியதும் சுவரைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கும் நிலையில்தான் இதில் சேர்ந்தேன். இத்தகைய பயிற்சிகள் பலவும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் வருவதால், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். ஒவ்வொரு பாடத்திலும் முதலில் ஒரு வீரரின் காட்சி மெதுவாக ஓடுகிறது. பிறகு அதன் விளக்கமும், குளத்தில் செய்து பார்க்க வேண்டிய டிரில்களும், அதாவது சிறு தனிப்பயிற்சிகளும் வருகின்றன.

இப்பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி மூச்சைப் பற்றிய பாடங்கள். மூச்சு வாங்குவதற்குக் காற்றுப் போதாததுதான் காரணம் என்று நம்பிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தலையை உயர்த்தி வாய் நிறையக் காற்றை இழுத்துவந்தேன். உண்மையில் நான் நீருக்குள் மூச்சை விடாமல் அடக்கி வைத்திருந்தேன். உள்ளே சேரும் கரியமில வாயுதான் மூச்சுத் திணறும் உணர்வைத் தூண்டுகிறது என்பதையும், முகம் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் சீராகக் குமிழிவிட வேண்டும் என்பதையும் இந்தப் பாடம் விளக்கியது. விளக்கத்தைவிடக் காட்சி வலிமையானது. வேகமாக நீந்துபவரின் தலைக்கு முன்னால் ஓர் அலை எழும்பி, கன்னத்தை ஒட்டி ஒரு பள்ளம் உருவாகிறது. அவர் அந்தப் பள்ளத்துக்குள் வாயைத் திருப்பி மூச்செடுக்கும்போது நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் நீருக்குள்ளேயே இருக்கிறது. கேமரா நீர்மட்டத்தில் வைக்கப்பட்டிருப்பதால் பாதி மேலும் பாதி கீழுமாக அந்தத் தலை தெரியும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழும் என்பதைக் கோச்சுகள் சொல்லாமல் இல்லை. ஆனால் தாழாத உடலைப் பார்த்த பிறகுதான் என் உடல் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பது விளங்கியது. ஏழாவது வாரத்தில் நிற்காமல் 200 மீட்டர் நீந்தினேன். அதற்குக் கை வலுவோ கால் வலுவோ காரணம் அன்று.

அடுத்ததாக, நீரைப் பிடிக்கும் கட்டம், அதாவது கேட்ச். கை முன்னே நீண்டதும் முழங்கை நீர்மட்டத்துக்கு அருகிலேயே நிற்க, விரல்நுனிகள் கீழ்நோக்கித் திரும்பி, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே பலகைபோல் பின்னோக்கி நீரைத் தள்ள வேண்டும். என்னைப் போன்றவர்கள் செய்வது வேறு: முழங்கையைத் தாழவிட்டு நீரைக் கீழ்நோக்கி அமுக்குகிறோம், அதனால் தோள் மேலே எழும்புகிறதே தவிர உடல் முன்னே நகர்வதில்லை. ஆஸ்திரேலிய வீரர் இயான் தோர்ப்பின் நீச்சலை எடுத்துக்காட்டாகக் கொண்ட பாடத்தில் இந்த வேறுபாடு துலக்கமாக விளங்குகிறது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 17 வயதில் 400 மீட்டர் தங்கம் வென்ற தோர்ப்பின் கை அவசரப்படுவதே இல்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸுக்குப் பயிற்சியளித்த ஜேம்ஸ் கவுன்சில்மன், கை நீருக்கடியில் வளைந்து வளைந்து செல்வதை விமான இறக்கையின் ஏற்றவிசையோடு ஒப்பிட்டு விளக்கியதையும், பிற்காலத்தில் கோச்சுகள் பெரும்பாலும் நேரான இழுப்பை நோக்கி நகர்ந்ததையும் பற்றிய ஒரு சிறு பகுதியும் இதில் உண்டு. டிரில் எதுவும் இல்லாத பகுதிதான். இருந்தும் வெவ்வேறு காலத்தில் கற்ற இரண்டு கோச்சுகள் ஏன் எதிரெதிராகப் பேசுகிறார்கள் என்ற என் நெடுநாள் குழப்பம் இதனால் தீர்ந்தது.

ஆனால் கை நீருக்கு மேலே வரும் விதத்தில் இப்பயிற்சியினர் காட்டும் பிடிவாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. முழங்கையை உயர்த்தி மடக்கிக் கொண்டுவருவதே சரி, நீட்டிக் கொண்டுவருவது பிழை என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அமெரிக்க வீராங்கனை ஜேனட் எவன்ஸ் கைகளைக் காற்றாலைபோல் நீட்டிச் சுழற்றியே 1988 இல் சியோலில் மூன்று தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு 800 மீட்டரில் அவர் நிறுவிய 8 நிமிடம் 16.22 விநாடி என்ற உலக சாதனை 2008 வரை நிலைத்தது. வீரர்களையே பாடநூலாகக் கொண்ட ஒரு பயிற்சி, தன் விதிக்கு ஒத்துவராத வீரரைப் பற்றிப் பேசாமல் கடந்து செல்வது நேர்மையான கற்பித்தல் ஆகாது. தோள்மூட்டு இறுகிப்போன நடுவயதினர் சிலருக்குக் கையைச் சற்று நீட்டிக் கொண்டுவருவதே எளிது என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை ‘குதிரைப் பாய்ச்சல்’ பாடம். அமெரிக்க வீராங்கனை கேட்டி லெடெக்கியின் கைவீச்சில் இரு பக்கமும் ஒரே தாளம் இராது. மூச்செடுக்கும்போது எதிர்ப்பக்கக் கை சற்றே நீண்டு சறுக்கி, மூச்செடுக்கும் பக்கத்துக் கை விரைந்து விழும். 2016 ரியோ ஒலிம்பிக்கின் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தவரை 11 விநாடிக்கும் அதிகமாக அவர் பின்தள்ளியதைப் பார்த்தவர்களுக்கு அதைப் பின்பற்றும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் அந்தச் சறுக்கலைத் தாங்குவது நீருக்குள் மட்டத்திலேயே நிற்கும் உடலும், தக்க நேரத்தில் விழும் உதைப்பும். அவை இல்லாதவர் அதைச் செய்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் இடையில் வேகம் செத்துப்போகிறது, கால் தாழ்கிறது, மறுபடி உந்தித் தள்ள வேண்டியிருக்கிறது. இப்பாடத்தை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தொடக்கநிலையினருக்கான வரிசையில் வைத்திருக்கிறார்கள். நான் மூன்று வாரம் விடாமல் செய்தேன். வலப்பக்கம் மூச்செடுக்கும்போது நீண்டிருந்த இடக்கை, உடலின் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் சென்று அழுந்தியிருக்கிறது. இடத்தோளில் வலி வந்து, அடுத்த இரண்டு வாரம், பிடித்துக்கொண்டு கால்களை மட்டும் உதைக்கும் மிதவைப் பலகையான கிக் போர்டோடு கழிந்தது.

உதைப்பைப் பற்றிய பாடங்கள் சுமார். இரு கைகளும் ஒரு சுற்று வருவதற்குள் குறுந்தூரத்துக்கு ஆறு உதை, நெடுந்தூரத்தை நிதானமாக நீந்துவோருக்கு இரண்டு உதை என்ற அடிப்படையும், முழங்காலை அன்றி இடுப்பைக் கொண்டு உதைக்க வேண்டும் என்பதும் சரியாகவே சொல்லப்படுகின்றன. கணுக்கால் வளையாதவருக்கு என்ன வழி என்பது மட்டும் சொல்லப்படவில்லை.

கூடுதல் கட்டணத்துக்கு, நாம் நீந்தும் காணொளியை அனுப்பினால் பார்த்துக் கருத்துரைக்கும் வசதியும் உண்டு. தோள்வலிக்குப் பிறகே அதைப் பயன்படுத்தினேன். முதல்நாளே செய்திருக்க வேண்டும். பதில் வரப் பதினொரு நாள் ஆனது, நினைவூட்டல் இரண்டு அனுப்ப வேண்டியிருந்தது. ஆயினும் வந்த பதில் தரமானது: என் காட்சியை ஒரு வீரரின் காட்சிக்கு அருகில் வைத்து, கை நடுக்கோட்டைத் தாண்டும் இடத்தில் நிறுத்தி, ஒரே ஒரு திருத்தத்தைச் சொன்னார்கள். கை நேராகத் தோளுக்கு முன்னால் இறங்க வேண்டும். எனக்கு அது அகலமாக விரிப்பதுபோல் தோன்றினாலும் கவலைப்படக் கூடாது என்றார்கள். அப்படித்தான் தோன்றியது, கேமராவில் நேராகத்தான் இருந்தது. 25 மீட்டருக்கு 27 வீச்சு எடுத்துக்கொண்டிருந்தவன் இப்போது 22 இல் கடக்கிறேன்.

அடிப்படை நீச்சல் தெரிந்து, மூச்சுக்கும் கேட்சுக்கும் தெளிவு தேடுபவர்கள் தயங்காமல் சேரலாம்; முதலில் தம் காணொளியை அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு அதற்கேற்ற பாடங்களை மட்டும் பார்ப்பது நல்லது. நீருக்குள் முகத்தை வைக்கவே அஞ்சுபவர்களுக்கு இது உரியதன்று. அவர்களுக்கு அருகில் நிற்கும் கோச் வேண்டும். குதிரைப் பாய்ச்சல் பாடத்தை மேல்நிலைப் பகுதிக்கு மாற்றும்படி எழுதியிருக்கிறேன், இதுவரை மாற்றவில்லை.