பெரிய எழுத்து பைபிள்: வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு கண்டிப்பா வாங்கலாம்

நாகர்கோவில்ல ஒரு கிறிஸ்தவ புத்தகக் கடையில அம்மாவுக்குன்னு பெரிய எழுத்து பைபிள் வாங்குனேன். பழைய மொழிபெயர்ப்புதான், எங்க சிஎஸ்ஐ சபையில வாசிக்கிறது அதுதாங்கிறதால வேற எதையும் பாக்கல. கறுப்பு ஜிப் கவர், ரெண்டு ரிப்பன், ஓரத்துல ஆதியாகமம் யாத்திராகமம்னு விரல் வச்சு திறக்க வசதியா வெட்டியிருக்கு. ஒரு வருசத்துக்கு மேல தினமும் புழங்குது, அதனால தைரியமா எழுதுறேன்.

எழுத்து நல்ல கறுப்பு, வரிக்கு வரி இடைவெளி தாராளமா இருக்கு. கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு கண்ணாடி மாத்தின பிறகும் பழைய சின்ன பைபிள் அம்மாவுக்கு ஒத்து வரல, நாலு வசனம் வாசிச்சா கண்ணுல தண்ணி வந்துரும், மூடி வச்சிருவாங்க. இதுல ராத்திரி ட்யூப் லைட் வெளிச்சத்துலயே ஒரு அதிகாரம் முழுசா வாசிச்சிருதாங்க. வசன நம்பர் மட்டும் சின்னதாத்தான் இருக்கு, தேடிப் புடிக்கணும். பேப்பர் மெல்லிசு, பின்பக்கத்து எழுத்து லேசா தெரியும். கனமும் ஜாஸ்தி, மடியில வச்சா கால் மரத்துரும், அம்மா ஒரு தலகாணிய போட்டு அதுமேல வச்சிக்கிடுவாங்க. பஸ்ல கோயிலுக்கு தூக்கிட்டுப் போக இது ஆகாது, அதுக்கு பழைய சின்னதே போதும்.

எழுத்து சைஸ் பத்தி ஒரு விசயம் சொல்லணும். தரங்கம்பாடியில சீகன்பால்குன்னு ஒரு ஜெர்மன் மிஷனரி 1715ல தமிழ் புதிய ஏற்பாட்ட அச்சடிச்சு முடிச்சாரு, இந்திய மொழிகள்லயே முதல்ல அச்சான புதிய ஏற்பாடு அதுதான். ஜெர்மனியில ஹாலேயில இருந்து வார்த்து அனுப்புன தமிழ் எழுத்து ரொம்ப பெருசா இருந்துச்சு, அதுல அடிச்சா பேப்பர் போதாதுன்னு இங்கயே சின்னதா எழுத்து வார்த்தாங்க. அன்னைக்கு அவங்களுக்கு பேப்பருக்கு அவ்வளவு தட்டுப்பாடு. இன்னைக்கு நமக்கு அந்த கஷ்டம் ஒண்ணும் இல்ல, அப்புறம் எதுக்கு நம்ம வீட்டு பெரியவங்க பொடி எழுத்தோட மல்லுக்கட்டணும்?

இனி நான் இத எழுத உக்காந்த காரணத்துக்கு வாறேன். அப்பாவுக்கு பக்கவாதம் வந்து ரொம்ப நாள் படுக்கையில கிடந்து போய்ச் சேர்ந்தாங்க. அந்த சமயம் வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த ஒருத்தர் உங்க குடும்பத்துல ஏதோ சாபம் இருக்கு, அதான் இப்பிடின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. சொன்னவரு மறந்திருப்பாரு, அம்மா மறக்கல. தன்னோட ஏதோ பாவத்துக்குத்தான் அப்பா அனுபவிச்சாங்கன்னு மனசுக்குள்ளயே வச்சு உருகிட்டு இருந்திருக்காங்க. வாசிக்கவும் முடியாது, ஃபோன்ல வர்ற பிரசங்கத்த கேப்பாங்க, ஒருத்தர் பயமுறுத்துவாரு இன்னொருத்தர் காணிக்கை கேப்பாரு, கேட்டுட்டு இன்னும் கலங்கிப் போவாங்க.

பைபிள் வந்ததும் யோவான்ல இருந்து ஆரம்பிங்கன்னு எங்க போதகர் சொன்னாரு. அம்மா அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவங்க, வாலிப வயசு முழுக்க அண்டியாபீஸ்ல, அதான் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையில, அண்டி தல்லுன கை, விரல் நுனியில அந்த அண்டிப்பால் பொள்ளுன தழும்பு இப்பவும் இருக்கு. அந்த விரல வரிக்குக் கீழ வச்சு நகட்டி நகட்டி, எழுத்துக் கூட்டி சத்தமாத்தான் வாசிப்பாங்க. ஒம்பதாம் அதிகாரத்துல, பிறவிக் குருடன காட்டி இது யாரு செஞ்ச பாவம், இவனா இவனப் பெத்தவங்களான்னு சீஷர்கள் கேப்பாங்க இல்லியா, இயேசு ரெண்டு பேரும் இல்லன்னு சொல்லுவாரு. அங்க சத்தம் நின்னுச்சு. விரல் அதே வரியில இருக்கு, என்னைய கூப்பிட்டாங்க. "மக்களே, இங்க வந்து இத ஒருக்க வாசி, நான் சரியாத்தான் வாசிச்சனா?" வாசிச்சு காட்டுனேன். "அப்போ உனக்க அப்பாக்க தீனத்துக்கு நான் காரணம் இல்ல."

தேவன் அன்பாவே இருக்காருன்னு நம்ம ஊர்ல சண்டே ஸ்கூல் போன சின்னப் பிள்ளைக்கும் தெரியும், யோவான் 3:16 மனப்பாடமா சொல்லும். ஆனா அந்த அன்பு எனக்கும் உண்டுன்னு முழு பாரத்தையும் அதுமேல இறக்கி வைக்கிறது வேற. சபைய துன்பப்படுத்திட்டு அலைஞ்ச பவுலே கலாத்தியர் 2:20ல என்னில் அன்புகூர்ந்து எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தாருன்னு தன்னத்தான் சொல்லுதாரு. ரோமர் 5:8 அதுக்கு ஆதாரத்தையும் குடுக்குது, நாம பாவிகளா இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரிச்சாரு, அன்பு அங்கயே தெரிஞ்சு போச்சு. அப்போ இந்த வருசம் நமக்கு எப்பிடி போச்சு, வீட்டுல யாருக்கு தீனம் வந்துச்சுங்கிறத வச்சு அவரு நம்மள நேசிக்காரா இல்லியான்னு கணக்கு பாக்க வேண்டாம். இத நான் அம்மாகிட்ட எத்தனையோ தடவ வாயால சொல்லியிருக்கேன், ஏறல. அவங்களே வாசிச்சப்பதான் ஏறுச்சு.

அப்பாவ நெனச்சு அம்மா இப்பவும் அழுவாங்க, அது போகாது, போகவும் வேண்டாம். ஆனா சாபம்ங்கிற பேச்சு நின்னு போச்சு. முன்னால குடும்ப ஜெபத்துல ஆண்டவரே எங்கள தண்டியாதேயும்னுதான் ஆரம்பிப்பாங்க, இப்போ அப்பான்னு கூப்பிட்டு ஆரம்பிக்காங்க. ஒரு ரிப்பன் எங்க வாசிக்காங்களோ அங்க நகந்துட்டே இருக்கும், இன்னொண்ணு, தேவனோட அன்ப விட்டு எதுவும் நம்மள பிரிக்காதுன்னு சொல்லுற ரோமர் எட்டுல இருந்து எடுக்குறதே இல்ல.

எழுத்து அறவே தெரியாதவங்களுக்கு ஆடியோ பைபிள் போட்டுக் குடுங்க, விசுவாசம் கேள்வியினால வரும்னுதானே ரோமர் 10:17ல இருக்கு. ஆனா எழுத்துக் கூட்டியாவது வாசிக்கத் தெரிஞ்சவங்கன்னா இத வாங்கிக் குடுங்க.

வாங்கும்போது அவங்களையே கடைக்கு கூட்டிட்டுப் போங்க, கண்ணாடிய மறக்காதீங்க. முதல் பக்கத்த மட்டும் பாக்காம நடுவுல எங்கயாவது திறந்து கையில குடுத்து ரெண்டு வரி வாசிக்க சொல்லுங்க, பெரிய எழுத்துன்னு போட்டிருந்தாலும் எடிஷனுக்கு எடிஷன் சைஸ் வித்தியாசம் இருக்கு. எங்களுக்கு ஜிப் ஒரு பக்கம் பிஞ்சு போய் பேக் தைக்கிறவர்கிட்ட குடுத்து மாத்துனோம். ஜிப் இல்லாத கெட்டி அட்டை போட்டதும் அதே கடையில இருந்துச்சு, விலையும் கொறைவு, வீட்டுலயே வச்சு வாசிக்கிறதுன்னா அதையே எடுங்க.