சோல்டரிங் அயன் முனையை யாரிடமும் சாணை பிடிக்கக் கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாண நகரத்தில் சோல்டரிங் ஸ்டேஷனை, அதாவது இலத்திரனியல் பாகங்களை ஈயத்தால் பற்றவைக்கும் அயனும் அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியும் சேர்ந்த கருவியை, திருத்தக் கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கைப்பிடியையும் பெட்டியையும் மட்டும் கொடுங்கள். முனைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். "முனையைப் புதுப்பித்துத் தருகிறோம்" என்று கடையில் சொன்னால், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். புதுப்பிப்பது என்று அவர்கள் சொல்வது சாணை பிடிப்பதைத்தான். சாணை பிடித்த முனை கையில் தரும்போது பளபளக்கும். அதன் பிறகு அது குப்பைக்குத்தான். பார்த்துப் பார்த்துப் பாதுகாத்து வைத்திருந்த என் முனைகள் அத்தனையும் அப்படித்தான் போயின.

கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது ஒரு கடையோடு நடந்த சண்டையாகிவிடும். இதே வேலையை வேறு இடங்களிலும் செய்கிறார்கள் என்று என்னைப் போலத் திருத்த வேலை செய்யும் நண்பர்கள் சொல்கிறார்கள்.

நான் கொக்குவிலில் வீட்டோடு சேர்ந்த சிறிய அறையில் வேலை செய்கிறேன். கோயில் திருவிழாக்களுக்கு வாடகைக்குப் போகும் அம்பிளிபயர், யூபிஎஸ், பிள்ளைகளின் இசைக் கீபோர்ட், தண்ணீர் மோட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று வருவதையெல்லாம் பார்ப்பேன். என் ஸ்டேஷன் 24 வோல்ட்டில் வேலை செய்யும் சாதாரண வகை. 900எம் என்ற வகை முனைகள் பொருந்தும். அதன் பீங்கான் சூடேற்றி ஒரு நாள் அறுந்துவிட்டது. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து ஒன்றைத் தருவித்து நானே மாற்றியிருப்பேன். ஆனால் திருவிழாக் காலம். அம்பிளிபயர்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். நகரத்தில் ஒரு கடையில் சூடேற்றி கையிருப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். கொண்டு போனேன்.

"அண்ணை, புதுச் சூடேற்றியில் முனை சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிற முனை எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்" என்றார் கடைக்காரர். நியாயமான வேண்டுகோள்தான். சூடேற்றிக்கும் முனைக்கும் இடையில் இடைவெளி இருந்தால் சூடு ஏறாது. கூம்பு முனை, கத்தி முனை, நான் அதிகம் பாவிக்கும் 2.4 மில்லிமீற்றர் உளி முனை எல்லாவற்றையும் ஒரு சிறிய டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றின் நுனியிலும் பழைய ஈயம் (பற்றவைக்கும் ஈய, வெள்ளீயக் கலவை) சாம்பல் நிறத்தில் திரண்டிருந்தது. அதை நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். வேலை முடிந்து அயனை நிறுத்தும்போது நுனியைத் துடைக்காமல், புது ஈயத்தைத் தாராளமாக உருக்கிப் பூசி அப்படியே ஆறவிட வேண்டும். காற்று நுனியில் படாமல் அந்த ஈயம் காக்கும். அடுத்த முறை சூடேற்றியதும் துடைத்தால் கீழே வெள்ளி போல மினுங்கும்.

அந்தக் கடையில் அதை அழுக்கு என்று நினைத்திருக்கிறார்கள்.

திருப்பி எடுக்கப் போனபோது முனைகள் நகைக்கடைப் பெட்டியில் இருந்து வந்தவை போல இருந்தன. பற்றுச்சீட்டில் சூடேற்றிக்குக் கீழே "முனை புதுப்பித்தல்" என்று தனியாக ஒரு வரியும் அதற்கு ஒரு தொகையும். நான் கேட்கவே இல்லையே என்றேன். "எல்லோருக்கும் செய்து கொடுக்கிறோம் அண்ணை, உங்கள் முனை எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தன" என்றார். பின்னால் வேலை செய்யும் பொடியன் சிறிய மோட்டரில் பூட்டிய மெருகுச் சில்லில் இன்னொருவரின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாயில் துணி கூட இல்லை. ஈயம் ஒட்டிய முனையைச் சில்லில் பிடித்தால் பறப்பது ஈயத் தூசி. அது கையிலும் உடுப்பிலும் படிந்து, தேநீர்க் கோப்பையோடு வாய்க்குள் போகும். சாதாரணமாகப் பற்றவைக்கும் சூட்டில் ஈயம் ஆவியாகிப் பறப்பது மிகக் குறைவு. உடம்புக்குக் கேடு பெரும்பாலும் கை வழியாகவும் தூசி வழியாகவும்தான் வருகிறது. என் முனைகள் போனதை விட அந்தப் பிள்ளையின் நுரையீரலும் இரத்தமும்தான் எனக்குப் பெரிய கவலை. அதை அங்கேயே சொன்னேன். கடைக்காரர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

சூடேற்றி மாற்றிய வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து உளி முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். இரண்டு முகங்களிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். நுனியில் புதிதாக ஈயம் தோய்த்திருந்தார்கள். அந்த ஈயம் முடியும் விளிம்பில், நகத்தின் நுனி அளவுக்கு, செம்பின் சிவப்பு எட்டிப் பார்த்தது. பழுதான இயர்போனிலிருந்து கழற்றி வைத்திருந்த குட்டிக் காந்தத்தை அருகே கொண்டுபோனேன். தண்டில் ஒட்டியது. நுனியில் ஒட்டவே இல்லை.

ஒட்டியிருக்க வேண்டும். ஏனென்றால் இந்த வகை முனை முழுவதும் செம்பு அல்ல. உள்ளே இருப்பது செம்பு. சூட்டை வேகமாகக் கடத்துவது அதுதான். ஆனால் உருகிய ஈயக்கம்பியில் இருக்கும் வெள்ளீயம் செம்பைக் கரைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதைத் தடுப்பதற்காகச் செம்பின் மேல் இரும்பு முலாம் பூசியிருக்கிறார்கள். இரும்பும் வெள்ளீயத்தில் கரையும், ஆனால் மிக மெதுவாக. நுனிக்கு மேலே உள்ள பகுதியில் நிக்கலும் குரோமியமும் இருக்கும். குரோமியத்தில் ஈயம் ஒட்டாது. அதனால்தான் ஈயம் தண்டில் ஏறாமல் நுனியிலேயே நிற்கிறது. இந்த இரும்பு முலாம் ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்குதான். முனையின் ஆயுள் என்று நாம் சொல்வது அந்த முலாத்தின் ஆயுளைத்தான். சாணைச் சில்லோ, அரமோ, அரத்தாளோ முதலில் தின்பது அதைத்தான்.

இதற்குப் பிறகு நடந்தது நடக்க வேண்டிய வரிசையிலேயே நடந்தது. உளி முனையின் ஒரு மூலையில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு குழி விழுந்தது. குழி வளர்ந்தது. உளியின் நேர்விளிம்பு பிறை போல வளைந்தது. கத்தி முனையில் குரோமியமும் போயிருந்ததால் ஈயம் தண்டில் ஏறி, முனை அதன் உறைக்குள் இறுகிவிட்டது. கூம்பு முனையின் கூர் காணாமலே போயிற்று. பல மாதம் உழைக்க வேண்டிய முனைகள் திருவிழா முடிவதற்குள் முடிந்தன.

முனைகளோடு போயிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த ஊரிலிருந்து ஒரு தங்கச்சி தன் மகளின் கீபோர்டைக் கொண்டு வந்திருந்தார்; மின்சாரம் செருகும் இடம் ஆடியது, மிகச் சிறிய வேலை. குழி விழுந்த முனை தட்டையாகப் பொருந்தாது, சூடு சரியாகக் கடக்காது. ஈயம் உருகுவதற்கு வழக்கத்தை விட நேரம் எடுத்தது. அதற்குள் சர்க்கிட் போர்டிலிருந்த செப்புப் பொட்டு பசை விட்டு உரிந்து மேலே வந்துவிட்டது. மெல்லிய கம்பி போட்டு இணைத்துக் கொடுத்தேன், அதற்குக் காசு வாங்கவில்லை. கீபோர்ட் வேலை செய்கிறது. ஆனாலும் கைக்கு வரும்போது முழுதாக இருந்த போர்ட், ஒட்டுப் போட்டுத் திரும்பிப் போனது. கெட்ட முனையைக் கொடுப்பவர்கள் கெடுப்பது முனையை மட்டுமல்ல என்று இதனால்தான் சொல்கிறேன்.

முனைகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "நீங்கள் 400க்கு மேல் சூடு வைத்திருப்பீர்கள், அது உங்கள் பாவனைப் பிழை" என்றார். நான் 60/40 ஈயத்துக்கு (60 வீதம் வெள்ளீயம், 40 வீதம் ஈயம்) 330 பாகை செல்சியஸ் வைக்கிறவன்; அந்த ஈயம் 183 பாகையில் இளகத் தொடங்கி 190க்குள் உருகிவிடும். 400க்கு மேல் வைத்தால் முனை சீக்கிரம் கறுக்கும் என்பது உண்மை. ஆனால் சூடு அதிகமானால் முகம் முழுவதும் கறுக்கும். சாணைக் கீறல் விழாது. கீறலைக் கண்ணாடியில் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. பதிலாக ஒரு சிறிய டப்பாப் பசையை எடுத்து நீட்டினார், முனையை அதில் தோய்த்தால் புதிதாகிவிடும் என்று. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடியே போதுமாக இருந்தது. தண்ணீர்க் குழாய்க்கும் தகரத்துக்கும் பற்றவைக்கப் பாவிக்கும் அமிலப் பசை. டப்பாவிலேயே சிறிய எழுத்தில் நாகக் குளோரைட்டு என்று இருந்தது. அது முனையையும் அரிக்கும், போர்டில் பட்டால் செப்புக் கோடுகளையும் பச்சை பிடிக்க வைக்கும். இலத்திரனியல் வேலை செய்யும் யாரும் அதை மேசைக்குப் பக்கத்திலும் வைக்கக்கூடாது.

அரம் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. பழைய றேடியோ திருத்துநர்களின் அயனில் இருந்தது முலாம் இல்லாத வெறும் செப்புத் துண்டு. அது கரைந்து குழி விழும். அவர்கள் அரத்தால் ராவி, நவச்சாரக் கட்டியில் தேய்த்து, மீண்டும் ஈயம் ஏற்றுவார்கள். அந்த அயனுக்கு அதுதான் சரியான பராமரிப்பு. செம்பு கரைவதைக் குறைப்பதற்காகவே ஈயக்கம்பியில் 1.5 வீதம் செம்பு கலந்து விற்ற காலம் அது. பழைய ஆட்களுக்குச் சவ்பிட் என்ற அந்தக் கம்பியின் பெயர் நினைவிருக்கும். முலாம் பூசிய முனை வந்த பிறகும் அதே அரத்தை எடுப்பதுதான் தவறு. முனை முலாம் பூசியதா வெறும் செம்பா என்று பார்க்காமல், காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்வது ஏமாற்று.

முனை கறுத்துவிட்டால் செய்ய வேண்டியது வேறு. சூட்டை 250 பாகை அளவுக்குக் குறைத்து, நடுவில் பிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) உள்ள நல்ல ஈயக்கம்பியை நுனியில் உருக்கி, பித்தளைச் சுருளில் குத்தி எடுங்கள். திரும்பவும் ஈயம், திரும்பவும் சுருள். பொறுமையாகச் செய்தால் பெரும்பாலான முனைகளில் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால், முனைக்கு ஈயம் ஏற்றுவதற்கென்றே விற்கும், ஈயத்தூளும் மென்மையான அமிலமும் கலந்த சிறிய டப்பா இருக்கிறது. அதில் ஒரு முறை தோய்த்து, உடனே சுருளில் துடைத்து, புது ஈயம் பூச வேண்டும். அதையும் தினமும் பாவிக்கக்கூடாது; அதன் புகையை முகர வேண்டாம், யன்னலைத் திறந்து வையுங்கள். சட்டி கழுவும் இரும்புச் சுருளைப் பித்தளைச் சுருளுக்குப் பதிலாக எடுக்காதீர்கள். அது முலாத்தைக் கீறும்.

பஞ்சு பாவிப்பவர்கள் சூடு தாங்கும் செலுலோசுப் பஞ்சை மட்டும் வாங்குங்கள். சமையலறைப் பஞ்சு உருகி முனையில் அப்பிவிடும். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. அதிலும் நம்மூர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு முனையிலும் படியும். பற்றரிக்கு விடும் வடித்த நீர் ஒரு போத்தல் வாங்கி வைத்துக்கொண்டால் நெடுநாள் வரும். நான் அதைத்தான் பாவிக்கிறேன்.

ஈயமற்ற கம்பியால் செய்த போர்டுகளில் வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கம்பி பெரும்பாலும் வெள்ளீயமே, உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். முலாம் வேகமாகத் தேயும். வேலைக்கு இடையில் அயனைச் சும்மா சூட்டில் விடாமல், சூட்டைக் குறைத்து வையுங்கள் அல்லது நிறுத்துங்கள்.

புது முனை வாங்கும்போது சிறிய காந்தம் ஒன்றைப் பையில் கொண்டு போங்கள். நுனியில் காந்தம் ஒட்டாவிட்டால் அதில் இரும்பு முலாம் இல்லை. மேலே வெள்ளை மினுக்கு பூசிய வெறும் செம்பு. பெயர் பெற்ற ஜப்பான் முனை என்று உறையில் எழுதியிருந்தாலும் கடைக்குள்ளேயே பாருங்கள். ஒட்டினால் மட்டும் நல்லது என்றும் முடிவு கட்ட வேண்டாம்: முழுவதும் இரும்பால் செய்த மலிவு முனையிலும் காந்தம் பலமாக ஒட்டும், ஆனால் சூடு மந்தமாகத்தான் வரும். பின்பக்கத்துக் குழாயின் வெட்டு முகத்தைப் பாருங்கள். உள்ளே செம்பின் நிறம் தெரிந்தால் நல்லது.

திருத்தக் கொடுக்கும்போது என்னென்ன கொடுத்தீர்கள், என்ன வேலை செய்யச் சொன்னீர்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள். கேட்காத வேலைக்குக் காசு கேட்டால் அந்த வரியை அங்கேயே வெட்டச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளோ சேவையோ பெற்று 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் அந்தச் சபைக்கு முறைப்பாடு செய்ய வேண்டும். தொலைபேசியில் சபையிடம் விசாரிக்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. என் பற்றுச்சீட்டு, கீறல் தெரியும் படங்கள், குழி விழுந்த முனைகள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு முறைப்பாட்டை எழுதி அனுப்பிவிட்டேன். உங்களுக்கும் இப்படி முனை கெட்டிருந்தால், கெட்ட முனையை எறிந்துவிடாதீர்கள். முறைப்பாட்டுக்கு அதுதான் சாட்சி.