சுங்கை சிப்புட் கடையில் கிடைத்த கன்டகுசினோ குடும்ப வரலாறு

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைவீதியிலுள்ள பழைய புத்தகக் கடையொன்றில் சென்ற மாதம் 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய ஆங்கில நூலைப் பற்றியது இம்மதிப்புரை. ருமேனியாவின் கன்டகுசினோ பிரபுக் குடும்பத்தின் வரலாறு அது. தோட்டத் துரை ஒருவரின் பங்களாவைக் காலி செய்தபோது வந்த பெட்டியில் கிடைத்ததாம். வம்சாவளி அட்டவணை கிழிக்கப்பட்டிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன். கொண்டுபோய்க் காட்டியதும் கடைக்கார ஐயா மறுபேச்சின்றி 5 வெள்ளியைத் திருப்பித் தந்தார். ஆயினும், அண்ணன் தம்பி, மாமன் மருமகன் உறவுகளே அரசியலாக இருந்த ஒரு வீட்டின் கதையை அட்டவணையின்றிப் படிப்பது எளிதன்று.

நூலின் சிறந்த பகுதி பதினேழாம் நூற்றாண்டைப் பற்றியது. பைசாந்தியப் பேரரசர் குலத்தவர் என்று உரிமை கொண்டாடிய இக்குடும்பத்தின் ஷெர்பான், ஒட்டோமான் சுல்தானின் மேலாதிக்கத்தில் இருந்த, இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வலாக்கியாவை 1678 முதல் 1688 வரை ஆண்டார்; ருமேனிய மொழியில் முழு விவிலியம் முதன்முதலாக அச்சேறியது அவருடைய ஆதரவில்தான். சகோதரர் மிஹாய், சினாய் மலைக்கு யாத்திரை சென்று திரும்பி 1695இல் எழுப்பிய மடாலயமே பின்னர் சினாயா நகருக்குப் பெயர் தந்தது. மற்றொரு சகோதரர் கான்ஸ்டன்டீன், இத்தாலியின் பதுவாவில் பயின்று வலாக்கியாவின் வரைபடத்தை 1700இல் அச்சிட்ட அறிஞர். ஷெர்பானுக்குப் பின் அரியணை ஏறிய சகோதரி மகன் பிரன்கொவியானு, 1714 ஆகஸ்டு 15 அன்று இஸ்தான்புல்லில் தம் நான்கு புதல்வர்களோடு தலை துண்டிக்கப்பட்டார். அவருடைய இடத்தில் அமர்ந்தவர், அறிஞர் கான்ஸ்டன்டீனின் மகன் ஸ்தெஃபான்; 1716இல் சுல்தானின் ஆணைப்படி தந்தை, மகன் இருவருமே கொல்லப்பட்டனர். மருமகனின் வீழ்ச்சியில் தாய்மாமன் வீட்டாருக்கும் பங்குண்டு என்னும் சந்தேகத்தை நூலாசிரியர் மழுப்பவில்லை. பாராட்டத்தக்க நேர்மை அது.

அந்த நேர்மை இருபதாம் நூற்றாண்டுக்கு வரும்போது தளர்ந்துவிடுகிறது. பெருஞ்செல்வத்தால் "நவாப்" என்றே அழைக்கப்பட்ட கெயோர்கே கிரிகோரே கன்டகுசினோ (நம் பக்கத்துச் சொல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது!) புக்கரெஸ்டில் கட்டிய மாளிகைக்குப் பல பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால் அவர் பிரதமராக இருந்தபோது, 1907இல் வெடித்து அவருடைய ஆட்சியையே கவிழ்த்த உழவர் கிளர்ச்சிக்குக் கிடைத்திருப்பதோ ஒன்றரைப் பக்கம். நிலப்பிரபு தொலைவில் இருக்க, குத்தகைதாரர் நடுவில் நின்று உழவரைப் பிழிந்த ஏற்பாடு, துரைக்கும் கூலிக்கும் இடையே கங்காணி நின்றதைக் கேட்டு வளர்ந்த லயத்துப் பிள்ளையான எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. கிளர்ச்சி தொடங்கிய ஊரின் பெயரான ஃப்ளமின்சிக்குப் "பசித்தவர்கள்" என்று பொருள் என்பதையும், ஆயிரக்கணக்கானோர் சுடப்பட்டனர் என்பதையும் நான் வேறிடத்தில் தேடித்தான் அறிந்துகொள்ள நேர்ந்தது. எஞ்சிய பண்ணைகள் 1949 மார்ச்சில் கம்யூனிஸ்டு அரசால் ஓர் இரவிலேயே பறிக்கப்பட்டதை மட்டும் நூல் மிகுந்த துயரத்தோடு விரித்துரைக்கிறது.

தாள் பழுப்பேறியிருந்தாலும் கட்டு உறுதியாக உள்ளது. 20 வெள்ளிக்குத் தகும். கடையில் வேறு பிரதி இல்லை. இரவல் கேட்போருக்காக, வம்சாவளியை நானே கையால் வரைந்து பின்னட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.