சுழல்கோபுரம்: எரிக்சன் வழியும் கோல்ஸ் வழியும்

பீரங்கியைக் குறிவைக்கக் கப்பலையே திருப்பவேண்டிய தொல்லையைத் தீர்க்க, இரும்புக் கவசக் கப்பல்களின் தொடக்க காலத்தில் இருவர் தனித்தனியே, பீரங்கியை உள்ளே வைத்துத் திருப்பக்கூடிய கவசக் கூடான சுழல்கோபுரத்தை வடிவமைத்தனர். ஒருவர் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் ஜான் எரிக்சன். மற்றவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கூப்பர் கோல்ஸ்.

கோபுரத்தை மட்டும் பார்த்தால் கோல்ஸின் வடிவமைப்பே மேலானது. எரிக்சனின் 'மானிட்டர்' கப்பலில், ஓர் அங்குலத் தகடுகள் எட்டை அடுக்கிய கோபுரம் மேல்தளத்தின் பித்தளை வளையத்தில் அமர்ந்திருந்தது. சுழற்றும்போதெல்லாம் ஆப்படித்து அதைச் சற்றே உயர்த்தி, நூறு டன்னுக்கும் மேற்பட்ட எடையை நடுத்தண்டின்மேல் ஏற்றவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மார்ச் 9 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸில் தென்மாநிலங்களின் கவசக் கப்பலான 'வர்ஜீனியா'வோடு மோதியபோது, கோபுரம் கிளம்பவும் மறுத்தது, கிளம்பினால் நிற்கவும் மறுத்தது. எனவே சுழன்றுகொண்டிருக்கும்போதே சுட்டார்கள். கோல்ஸின் கோபுரமோ விளிம்பைத் தாங்கும் உருளைகளின்மேல் சுழன்றது. அதன் அடிப்பகுதியும் மேல்தளத்துக்குக் கீழே பாதுகாப்பாக இருந்தது.

கப்பல் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. தாழ்ந்த மேல்தளமும் பாய்மரமும் ஒத்துப்போகா என்பதால் எரிக்சன் பாய்மரமே வைக்கவில்லை. அவருடைய கப்பலும் அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் கேப் ஹட்டராஸ் அருகே புயலில் மூழ்கியது, 16 பேர் இறந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை; ஆனால் அது கரையோரச் சண்டைக்கென்று கட்டிய கப்பல்.

கோல்ஸின் 'கேப்டன்' முழுப் பாய்களோடு பெருங்கடலுக்குச் சென்றது. நீர்மட்டத்துக்கு 8 அடி மேலே இருக்கவேண்டிய தளம், கட்டும்போது எடை கூடியதால் ஏறக்குறைய ஆறரை அடியில் நின்றது. பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் வடிவமைத்த 'மொனார்க்'கும் கோல்ஸ் வகைக் கோபுரங்களையும் பாய்களையும் சுமந்ததுதான். அதன் தளமோ 14 அடி உயரம். சாய்ந்த கப்பலை நிமிர்த்தும் விசை 'மொனார்க்'கில் ஏறத்தாழ 40 பாகை வரை கூடிக்கொண்டே போகும். 'கேப்டனி'ல் 21 பாகையிலேயே குறையத் தொடங்கிவிடும். 1870 செப்டம்பர் 6 அன்று கப்பலைப் பார்வையிட வந்த தளபதி மில்ன், சாய்ந்த பக்கத்துத் தளத்தின்மேல் அலை புரள்வதைக் கண்டார். அன்று நள்ளிரவு கடந்ததும் ஸ்பெயினின் ஃபினிஸ்டெர் முனை அருகே வீசிய புயலில் 'மொனார்க்' தப்பியது. 'கேப்டன்' கவிழ்ந்து, கோல்ஸ் உட்பட ஏறக்குறைய 480 பேர் மாண்டனர். பிழைத்தவர்கள் 18 பேர்.

அப்போது கட்டுமானத்தில் இருந்த ரீட்டின் 'டெவஸ்டேஷன்' 1873இல் பணியில் சேர்ந்தபோது, அதில் உருளைமேல் சுழலும் கோல்ஸ் வகைக் கோபுரங்கள் இரண்டு இருந்தன. பாய் ஒன்றும் இல்லை.