ஆறு வருடம், இரண்டு பூனைகள், ஒரு தூண்டில் குச்சி

மிளகு வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. துரை வந்து மூன்றரை வருடம். இரண்டுமே வாசற்படி தாண்டாத பூனைகள். இவற்றுக்காக இதுவரை வாங்கிய சாமான்களில் பாதி பரணில் கிடக்கிறது, கால்வாசியைத் தூக்கிப்போட்டாச்சு. மிச்சக் கால்வாசி ஏன் நிலைத்தது என்பதுதான் இந்த அனுபவப் பகிர்வு.

முதல் வருடக் கதையிலிருந்து தொடங்க வேண்டும். விடியற்காலை நாலு, நாலரைக்குப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் கால் கட்டைவிரலில் மிளகின் பல் பதியும். கத்தினால் ஓடிவிடுவாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவாள். பகலெல்லாம் சுருண்டு தூக்கம். அம்மா போனில் கேட்டாள்: "தூக்கமும் போச்சு, கடியும் வாங்கிக்கிறே. அதுக்கு என்னடா குறை வச்சே?" எனக்கும் தெரியவில்லை. தட்டு நிறையத் தீனி இருந்தது, மெத்தை இருந்தது, ஒரு கூடை பொம்மையும் இருந்தது.

குறையைக் காட்டிக்கொடுத்தது ஒரு விட்டில் பூச்சி. ஒரு ராத்திரி விளக்கைச் சுற்றிவிட்டுச் சுவரின் அடிப்பக்கம் வந்து உட்கார்ந்தது. மிளகு உடனே பாயவில்லை. நாற்காலிக் காலுக்குப் பின்னால் போய் வயிறு தரையில் படப் பதுங்கினாள். காது இரண்டும் முன்னால் திரும்பின. வால் நுனி மட்டும் லேசாக அசைந்தது. ஓர் எட்டு, நிறுத்தம். இன்னோர் எட்டு, நீண்ட நிறுத்தம். பின்பக்கம் இடமும் வலமுமாக நெளிந்தது. அப்புறம்தான் பாய்ச்சல். கடித்தாள், தின்றாள், முன்னங்காலை நக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள், போய்ப் படுத்தாள். மொத்தம் கால் மணி நேரம் இருக்கும், அதில் பாய்ச்சல் ஒரு நொடிகூட இல்லை. அன்று விடியற்காலை என் கால் தப்பியது.

அதற்குப் பிறகுதான் பூனையைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் அறிவித்தார்கள். இவ்வளவு காலம் நம்மோடு இருந்தும், நாயை மாற்றிய அளவுக்கு நாம் பூனையை மாற்றவில்லை. எலி பிடிக்க யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லையே. ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரிதான் தேறும், 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி வேண்டும். அப்படியானால் தினமும் ஏழெட்டு எலி பிடித்தாக வேண்டும், குறி தப்பும் முயற்சிகள் தனி. அதுவும் பெரும்பாலும் விடியும் நேரத்திலும் அந்தி நேரத்திலும். இப்படிப் பிழைக்கவென்றே அமைந்த உடம்புக்குத் தட்டு நிறையத் தீனியைக் கொட்டிவைத்துவிட்டு, வேலையை முழுக்கப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் அசையும் ஒரே பிராணி என் கட்டைவிரல். பாவம், அவள் வேறு எதைப் பிடிப்பாள்?

ஆகவே முதல் மதிப்பெண் தூண்டில் குச்சிக்கு. ஒரு குச்சி, ஒரு கயிறு, கயிற்று முனையில் இறகு, அவ்வளவுதான். இது வீட்டில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது, எனக்குத்தான் ஆட்டத் தெரியவில்லை. முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் ஆட்டுவேன். அவள் சலிப்போடு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரியாது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தாலும்தான் என்ன, எந்த எலியாவது தானாக வந்து பூனையின் மூக்கில் இடிக்குமா?

இப்போது இறகை அவளிடமிருந்து விலக்கித்தான் இழுக்கிறேன். சோபாக் காலைச் சுற்றிப் போகும், நிற்கும், லேசாக நடுங்கும், மறைந்துவிடும். விரிந்துகிடக்கும் செய்தித்தாளுக்கு அடியில் நுழைந்து சரசரக்கும். நம் காது எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான், பூனைக் காதோ 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். காகிதச் சரசரப்பில் நமக்குக் கேட்காதது என்னென்ன அவளுக்குக் கேட்கிறதோ! ஆட்டத்தின் உயிர், பொம்மை நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கையில் குச்சியைக் கொடுத்தால் விடாமல் விசிறிக்கொண்டே இருப்பார்கள், பூனை அசையாமல் உட்கார்ந்திருக்கும். "இதுக்கு விளையாடப் பிடிக்கலை போல" என்பார்கள். அவள் அப்போதுதான் விளையாடிக்கொண்டிருக்கிறாள், பதுங்கலும் விளையாட்டுதான்.

பத்து நிமிடத்தில் ஏழெட்டுத் தடவையாவது பிடிக்க விட வேண்டும். கடைசியில் இறகை அடிபட்டதுபோல மெதுவாக இழுத்து, நன்றாகக் கடிக்கக் கொடுத்துவிட்டு, உடனே சாப்பாடு. நாங்கள் படுக்கப்போகுமுன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. இந்த வரிசை மாறக்கூடாது: வேட்டை, சாப்பாடு, முகம் துடைப்பு, தூக்கம். முதல் வாரம் தொல்லை கூடத்தான் செய்தது, விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்றாவது வாரத்தில் விடியற்காலைக் கடி நின்றது. கூடவே ஐந்து மணிக்குத் தானாகத் தீனி போடும் கருவி ஒன்றையும் வைத்தோம். கடித்தால் எழுந்து தீனி போடுவான் என்று நானே அவளுக்குப் பழக்கிவைத்திருந்தேன் இல்லையா, அதை முறிக்கத்தான். இப்போது அவள் என்னை எழுப்புவதில்லை, கருவி முன்னால் போய் உட்கார்ந்து அதை முறைக்கிறாள்.

இரண்டு எச்சரிக்கை. ஒரே பொம்மையைத் தொடர்ந்து காட்டினால் பூனைக்கு ஆர்வம் போய்விடும், வேறு மாதிரியானதைக் காட்டினால் திரும்ப வரும். 2002-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையேதான் சொல்கிறது. அதனால் முனையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். மிளகுக்குப் பறப்பது பிடிக்கும். துரை தலையைத் தூக்கிப் பார்க்கவே மாட்டான், அவனுக்குத் தரையில் ஊர்வதுதான். இன்னொன்று, ஆட்டம் முடிந்ததும் குச்சி அலமாரிக்குள் போய்விட வேண்டும். துரை ஒரு தடவை ஒரு சாண் நூலை விழுங்கிவிட்டான். நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும் ஆபத்து உண்டு. வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினாலும் நாமே இழுக்கக்கூடாது, நேராக மருத்துவரிடம்தான். அவனுக்கு நல்ல காலம், தானாக வெளியே வந்துவிட்டது. மூன்று நாள் அவன் மலத்தைக் கிளறிக்கொண்டிருந்தவன் நான்.

லேசர் விளக்கு பரணில். அதன் ஒளிப்புள்ளியைத் துரத்தித் துரை ஓடத்தான் ஓடுவான், ஆனால் கையில் ஒன்றும் அகப்படாது. விளக்கை அணைத்த பிறகும் துரை அரை மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. தானாக உருளும் பந்தும் பரணில்தான். கேட்னிப் என்ற, பூனைகளைக் கிறங்கவைக்கும் செடியை வைத்துத் தைத்த துணி எலிக்கு மிளகு அடிமை, துரை அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுமார் மூன்றில் ஒரு பங்குப் பூனைகளுக்கு அந்தச் செடி ஒன்றும் செய்யாது, பரம்பரை விஷயம்.

தீனியை ஒளித்துவைக்கும் புதிர்த் தட்டு, அதாவது பசில் ஃபீடர், எல்லோரும் சிபாரிசு செய்வது. என் தீர்ப்பு: பரவாயில்லை ரகம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 17 வீட்டுப் பூனைகளை வைத்துப் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள்: உழைத்துத் தின்பதைவிடச் சும்மா கிடைப்பதையே பெரும்பாலானவை தின்றன. எங்கள் வீட்டில் நடந்ததும் அதேதான். மிளகு புதிர்த் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், 'நீயே எடுத்துக் கொடு' என்கிற பார்வை. துரை அவசரமாக விழுங்கிவிட்டு வாந்தியெடுக்கிறவன், அவனை நிதானமாகச் சாப்பிடவைக்க அது உதவுகிறது, அவ்வளவுதான். அதே வருடம் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, வெளியே போய் வேட்டையாடும் பூனைகளைப் பற்றியது. தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாடிய வீடுகளில் பூனை கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது, இறைச்சிப் புரதம் மிகுந்த தீனி கொடுத்த வீடுகளில் 36 சதவீதம். புதிர்த் தட்டு வைத்த வீடுகளில் 33 சதவீதம் கூடிவிட்டதாம்! பதுங்கல், பாய்ச்சல், பிடி எதுவும் இல்லாத உழைப்பைப் பூனை வேட்டையாக எடுத்துக்கொள்வதில்லை என்று நான் அர்த்தப்படுத்திக்கொண்டேன். இதற்கு முன்பே குச்சிக்குக் கொடுத்த மதிப்பெண்ணை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பிறாண்டும் தூணில் மூன்று தடவை ஏமாந்தேன். முதலில் வாங்கியது அழகானது, என் முழங்கால் உயரம், இலேசானது. மிளகு ஒரு தடவை முழு உடம்பையும் நீட்டிப் பிடித்தாள், தூண் சாய்ந்தது, அதோடு சரி. சோபா சாயவில்லை, ஆகவே சோபா. பூனை பிறாண்டுவது சேட்டைக்காக இல்லை. நகத்தின் பழைய மேலுறை கழலும், முதுகு நீளும், பாதத்தில் இருக்கும் சுரப்பிகளின் வாசனை அங்கே படியும். 'இது என் இடம்' என்ற கையெழுத்து அது. அதனால்தான் மூலையில் ஒதுக்கிவைத்த தூண் வேலைக்காகாது. இப்போது இருப்பது 90 சென்டிமீட்டர் உயரம், அடிப்பாகம் கனம், மேலே கரடுமுரடான கயிறு சுற்றியது. சோபாவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, மிளகு தூங்கி எழுந்ததும் முதலில் கண்ணில் படும் இடம். போன வருடம் கயிறு பிய்ந்து அசிங்கமாக இருக்கிறதே என்று புதுத் தூண் வாங்கிப் பழையதைத் தூக்கிப்போட்டேன். ஒரு வாரம் மறுபடி சோபாதான். அவள் எழுதிவைத்த கையெழுத்தையெல்லாம் அல்லவா குப்பையில் போட்டிருக்கிறேன்! பழைய கயிற்றில் கொஞ்சம் எடுத்துப் புதியதில் சுற்றிய பிறகு ஒத்துக்கொண்டாள். தூணும் நகத்தைப் போலப் பிய்யப் பிய்யத்தான் நல்லது.

துரை வந்த வருடம்தான் கஷ்டமான வருடம். சுத்தக்காரி மிளகு, மடித்துவைத்த துணிமேல் சிறுநீர் கழிக்க ஆரம்பித்தாள். பழிவாங்குகிறாள் என்றார்கள். மருத்துவர் பரிசோதித்துவிட்டுச் சிறுநீர்ப்பையில் அழற்சி, கிருமி எதுவும் இல்லை, பூனைகளுக்கு மன உளைச்சலில் இப்படி வருவதுண்டு என்றார். என்ன உளைச்சல்? இரண்டு நாள் உட்கார்ந்து கவனித்ததில் தெரிந்தது. பூனைகள் மலசலம் கழிக்கும் மண் தட்டு இருந்தது நடைவழியின் கடைசியில். துரை நடைவழியின் நடுவில் படுத்திருப்பான். உறுமவில்லை, அடிக்கவில்லை, சும்மா படுத்திருப்பான், கண் மட்டும் அவள் மேல். அவள் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். நம் கண்ணுக்கு இது சண்டையே இல்லை.

இரண்டு பூனைக்கு மூன்று தட்டு, மூன்றும் வேறு வேறு அறையில் என்று மாற்றினோம். மூடி போட்டது வேண்டாம், வாசனை போட்ட மண்ணும் வேண்டாம், பூனை நீளத்தில் ஒன்றரை மடங்கு பெரிய தட்டு. இரண்டு மாதத்தில் சரியானது. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஆண் பூனை தட்டில் முக்கிக்கொண்டு உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால் அது உயிர் போகிற அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

அதே சமயத்தில்தான் சுவரில் பலகைகள் அடித்தோம். பூனை எலிக்கு எமன், ஆனால் தன்னைவிடப் பெரிய மிருகங்களுக்குத் தானும் இரை. அதனால் உயரமும் வேண்டும், ஒளியவும் இடம் வேண்டும். மதில் மேல் பூனையை முடிவெடுக்கத் தெரியாதவனுக்கு உவமையாகச் சொல்கிறோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றுவதில்லை, மதில்மேல் இருக்கும்போதுதான் அது ரொம்பத் தெளிவாக இருக்கிறது. கீழே துரை படுத்திருந்தாலும் மிளகு மேலேயே நடந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். பலகை முட்டுச்சந்தாக முடியக்கூடாது, ஏற ஒரு வழி, இறங்க இன்னொரு வழி. ஒளிய அட்டைப்பெட்டி போதும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு ஒளியப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை வேகமாகப் பதற்றம் தணிந்தன. பார்சல் பெட்டியை நாங்கள் இப்போது பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு அப்படியே விட்டுவிடுகிறோம்.

ஜன்னல் ஓரப் பலகைக்கும் நல்ல மதிப்பெண், வலை உறுதியாக இருந்தால். பறவையைப் பார்த்துத் தாடை படபடக்க மிளகு போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும். அங்கே செடி வைப்பதானால் லில்லி மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் மகரந்தம் பட்ட உடம்பை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

செலவில்லாத ஒன்று: கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறப்பது. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேலி செய்வோம். ஆனால் எதிரே நீங்கள் இருக்கும்போது அது கண்ணை மூடுவது உங்களை நம்புவதால். நாம் அப்படிச் செய்தால் பூனையும் பதிலுக்குச் செய்வதையும், நம் பக்கத்தில் வர அதிகம் விரும்புவதையும் 2020-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். துரை என் மடியில் உட்கார இரண்டு வருடம் ஆனது. அதுவரை எங்கள் பேச்சுவார்த்தை முழுவதும் இப்படித்தான், அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்.

தீராத பிரச்சினை ஒன்று பாக்கி: மூடிய கதவு. வீடு முழுவதும் அவர்கள் ரோந்து சுற்றும் எல்லை, அதில் ஓர் அறை திடீரென்று காணாமல் போவதை இரண்டு பேராலும் தாங்க முடியவில்லை. குளியலறைக் கதவைச் சாத்தினால் அடியிலிருந்து ஒரு கறுப்புக் கால் உள்ளே நீளும். திறந்தால் வரமாட்டாள், எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். இதற்கு யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள். நாங்கள் இப்போதைக்குக் கதவை அரை அடி திறந்துவைத்துக்கொண்டுதான் பல் தேய்க்கிறோம்.