பாலக்காட்டு வெயிலுக்கு எந்த இயற்கை டியோடரண்ட் தாங்கும்?

இயற்கை டியோடரண்ட் பற்றி இணையத்தில் கிடைக்கிற விமர்சனங்களில் பாதி, ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியவை போலத்தான் இருக்கின்றன. நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலைக்குக் கோயமுத்தூர். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரிலிருந்து வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாக உக்கடம் போகிற பஸ்ஸில், மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு என்ன தாங்கும் என்பதுதான் என் கேள்வி. கையைத் தூக்காமல் நிற்க முடியாது, தூக்கினால் பக்கத்தில் இருப்பவர் மூக்கு சரியாக அங்கேதான் இருக்கும்.

கடையில் விற்கிற சாதாரண ரகத்தை நான் விட்டதற்குக் காரணம் பயம் இல்லை. அதில் இருக்கிற அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதற்குத் தெளிவான ஆதாரம் இதுவரை இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் வியர்வையை அடைக்கிற ரகத்தைப் போடும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், அமெரிக்காவில் அதை லேபிளிலேயே அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இருந்த பிரச்சினை ஜாக்கெட்தான். வெளிர் நிறத்தில் எதைத் தைத்தாலும் கைக்கு அடியில் மஞ்சள் கறை, எந்தச் சோப்புக்கும் போகாது. அந்த அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து துணியில் ஏறுவதால் வருகிற கறை அது. அப்புறம் அந்த ஸ்ப்ரே வாசனை, பஸ்ஸில் நமக்கே தலைவலி.

வாங்கும் முன் ஒன்று தெரிந்திருந்தால் பணம் மிச்சம். ஆன்டிபெர்ஸ்பிரண்ட் என்பது வியர்வை வரும் துவாரத்தையே தற்காலிகமாக அடைக்கும். டியோடரண்ட் வியர்வையைத் தடுக்காது, வாடையை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். வியர்வைக்குத் தனியாகப் பெரிய நாற்றம் கிடையாது. அக்குளில் இருக்கிற ஒருவகைச் சுரப்பி கொஞ்சம் கெட்டியான வியர்வையை விடுகிறது, தோலில் குடியிருக்கிற பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. ஆகவே இயற்கை டியோடரண்ட் போட்டும் ஜாக்கெட் நனைகிறதே என்று ஒரு ஸ்டார் கொடுப்பவர்கள், அது செய்யாத வேலைக்கு அதைத் திட்டுகிறார்கள். நனையத்தான் செய்யும்.

முதலில் ஸ்டிக். தேங்காய் எண்ணெய், ஷியா வெண்ணெய், ஏதோ ஒரு மாவு, ஆப்பச் சோடா, மேலே லாவெண்டர் வாசனை. பெரும்பாலான ஸ்டிக்குகளின் கதை இதுதான், டப்பா நிறம்தான் மாறும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருக ஆரம்பித்துவிடும். எங்கள் ஊரில் மார்கழி, தைக் காலையில் மட்டும்தான் அது பாட்டிலில் உறையும், மற்ற மாதமெல்லாம் தண்ணீர்தான். நான் வாங்கிய ஸ்டிக் கொரியர் வண்டியிலேயே உருகி, மூடியைத் திறந்தால் விரலில் வழிந்தது. ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள் என்று கம்பெனிக்காரர் பதில் எழுதினார். குளித்துவிட்டு ஈரத்துணியோடு சமையலறைக்குப் போய், மாவுப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து அக்குளுக்குப் போடுவதைத் தேடி எடுக்க வேண்டுமாம். மெழுகு அதிகம் சேர்த்த ஸ்டிக் இவ்வளவு மோசம் இல்லை, ஆனால் பட்டு ஜாக்கெட்டில் எண்ணெய்த் திட்டு விழும்.

அதைவிடப் பெரிய தொல்லை அந்தச் சோடா. வாடையை நன்றாகவே அடக்குகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, புளிப்பையும் காரத்தையும் அளக்கிற பி.எச். கணக்கில் 5 பக்கம். சோடா அதற்கு எதிரான காரம், 8-க்கு மேல். தினமும் அதை அங்கே தேய்த்தால் சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்குத் தோல் சிவந்து எரிந்து உரியும். எனக்கு எரிந்தது, ஆறிய பிறகு அந்த இடம் கருத்துப்போய் மாதக்கணக்கில் அப்படியே நின்றது. உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் கம்பெனியின் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். நச்சை வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை, அக்குள் அல்ல. எரிந்தால் அன்றே நிறுத்துங்கள். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஓரிரு நாள் பார்த்துவிட்டுத்தான் அக்குளுக்குப் போக வேண்டும். சோடா ஒத்துக்கொண்டாலும் லாவெண்டர், டீ ட்ரீ எண்ணெய்கள் சிலருக்கு அலர்ஜி கொடுக்கும், அதனால் பின்பக்கப் பட்டியலைக் கடைசி வரி வரை படியுங்கள். டப்பாவின் முன்பக்கம் இலையும் பூவும் போட்டிருப்பது அச்சகத்துக்காரர் கைவேலை.

என் தங்கை போடுவது மக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த ரோல்-ஆன். மலச்சிக்கலுக்குக் குடிக்கிற அந்த வெள்ளை மருந்தில் இருப்பதும் இதேதான் என்று சொன்னதற்கு அவள் ஒரு வாரம் என்னைக் கிண்டலடித்தாள். இதுவும் காரம்தான், ஆனால் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அதனால் சோடா அளவுக்குத் தோலைப் படுத்துவதில்லை. வெயிலில் உருகாது. கறுப்புத் துணியில் வெள்ளைத் தீற்று விழும், காயவிட்டுப் போட வேண்டும். அவளுக்குச் சாயங்காலம் வரை நிற்கிறது, எனக்கு மதியத்தோடு சரி. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேருக்கே இப்படி. கிளைகாலிக், மாண்டலிக் ஆசிட் போட்ட ரோல்-ஆன்களும் இப்போது வருகின்றன, தோலைப் புளிப்புப் பக்கம் வைத்துப் பாக்டீரியாவை அடக்குகிற ரகம். சோடா சேராதவர்கள் பார்க்கலாம், ஆனால் ஷேவ் செய்த அன்று போட்டால் எரிச்சலில் உயிர் போகும்.

கடைசியில் நான் தங்கிய இடம் படிகாரம். கொழிஞ்சாம்பாறையில் நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்டேன்.

"அண்ணா, படிகாரம் இருக்குதுங்களா?"

"கிணத்துத் தண்ணி தெளியறதுக்குங்களா, வீட்டுக்காரர் ஷேவிங்குக்குங்களா?"

"ரெண்டும் இல்லீங்க."

அவர் மேலே கேட்கவில்லை, நல்ல மனுஷன். பெரிய கட்டியிலிருந்து உடைத்து, நிறுத்து, பேப்பரில் மடித்துக் கொடுத்தார். ஒரு டீ வடை செலவுதான் ஆனது. இதையே உருட்டி மெருகேற்றி, பிளாஸ்டிக் கூட்டில் செருகி, கிரிஸ்டல் டியோடரண்ட் என்று ஆன்லைனில் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அதில் சிலவற்றின் மேல் அலுமினியம் இல்லை என்று வேறு போட்டிருக்கும், அதுதான் எரிச்சல். படிகாரம் என்பதே பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். அலுமினியமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு இது உதவாது, மேலே சொன்ன மக்னீசியம்தான்.

குளித்து முடித்த உடனே, சுத்தமான ஈரத் தோலில் கட்டியை நனைத்து நாலைந்து முறை தேய்த்து, காயவிட்டுத் துணி போட வேண்டும். வாடை வந்த பிறகு தேய்த்தால் பயன் இல்லை, அதை மறைக்க இதில் வாசனை கிடையாது. எனக்குக் காலையில் போட்டால் இரவு வீடு திரும்பும் வரை வாடை இல்லை, மஞ்சள் கறையும் புதிதாக விழவில்லை. குறைகளும் உண்டு. கீழே போட்டால் உடையும், உடைந்த முனை பிளேடு மாதிரி கீறும், தண்ணீரில் நனைத்துத் தரையில் தேய்த்து முனையை மழுக்கிக்கொள்ள வேண்டும். சோப்பு டப்பாவில் தண்ணீர் தேங்கினால் கரைந்து காணாமல் போகும். ஷேவ் செய்த அன்று இதுவும் எரியும்.

நனைகிற பிரச்சினைக்குக் கூவைப்பொடி, அதாவது ஆரோரூட் கிழங்கு மாவு. எங்கள் பக்கம் திருவாதிரைக்குக் கூவைப் பாயசம் வைக்கிறார்களே, அதே பொடிதான். படிகாரம் காய்ந்த பின் துளி அளவு தட்டிக்கொண்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதிகம் போட்டால் பத்து மணிக்குள் பசையாகிவிடும். நல்ல கூவை விலை கூடுதல், அதனால் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன்.

பாலிஸ்டர் துணிக்கு இவை எதுவும் பதில் இல்லை. அந்த நூலில் வாடை ஏறிப் பிடித்துக்கொள்கிறது, துவைத்த பிறகும் உடம்புச் சூடு பட்டதும் மறுபடி கிளம்பும். ஆபீஸ் யூனிஃபார்ம் பாலிஸ்டர் என்றால் டியோடரண்டை மாற்றி மாற்றிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, உள்ளே மெல்லிய காட்டன் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஆடி மாதம் ஈரம் காயாத துணியும் அப்படியே. கட்டி கட்டியாகக் கொப்புளம் திரும்பத் திரும்ப வந்தால் கடைச் சரக்கை எல்லாம் விட்டுவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள்.

வெயிலுக்கும் விலைக்கும் படிகாரத்துக்கு நாலரை ஸ்டார். மக்னீசியம் ரோல்-ஆனுக்கு என் கணக்கில் மூன்று, தங்கையைக் கேட்டால் ஐந்து. சோடா ஸ்டிக்குக்கு ஒன்று, அதுவும் டப்பா அழகாக இருந்ததற்கு. படிகாரம் வாங்கப் போகிறவர்கள் தூளாக வாங்காமல், ஒரு பக்கமாவது வழவழப்பாக இருக்கிற கட்டியாகக் கேட்டு வாங்குங்கள், அண்ணன் பொறுமையாகத் தேடித் தருவார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இருக்காது.